மாதிரி வீட்டில் யார் சமைப்பது

ஜூலை 29, வெள்ளி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். கோபத்தில்தான் ஆரம்பிக்கிறேன் என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

கோபம் செமினார் மேல். எங்கள் பாடத்தின் முழுப்பெயர் ‘மனித மேம்பாடும் குடும்பவியலும்’. முதல் வருடப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் அறிமுகக் கருத்தரங்கு உண்டு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து பேச வேண்டும். போன வாரம் ஞானசௌந்தரி மேடம், கல்லூரி மழலையர் பள்ளியில் ஒரு குழந்தையைக் கவனித்து எழுதிவரச் சொன்னார். நான் ஆறு பக்கம் எழுதினேன். பத்துக்கு நான்கு! ஓரத்தில் சிவப்பு மையில், ‘குழந்தை பொறாமைப்பட்டது என்கிறாய். பொறாமையைக் கண்ணால் பார்த்தாயா? கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே.’

பள்ளியில் என் கட்டுரைகளைத் தலைமையாசிரியை பிரார்த்தனைக் கூட்டத்தில் படித்துக் காட்டுவார். நான் கேட்டது வரலாறு. “குடும்பத்தப் பத்திப் படிச்சா நாளைக்குக் குடும்பத்துக்கு ஆகும்” என்று அப்பா இதில் சேர்த்துவிட்டார். அந்தக் கோபமும் இதில் சேர்ந்திருக்கிறது.

சரி, இனி கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 31, ஞாயிறு

மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டோம். கல்லூரியின் பின்பக்கம் வேப்பமரங்களுக்கு நடுவே உள்ள ஓட்டு வீடு. செமினாரில் நான்கு நான்கு பேராக இங்கே இரண்டு வாரம் குடும்பமாக வாழ்ந்து காட்ட வேண்டும். கடைசிச் சனிக்கிழமை எங்கள் பெற்றோருக்கு நாங்களே விருந்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

எங்கள் ‘குடும்பம்’: நான், சண்முகவடிவு, ஜாஸ்மின், முப்பிடாதி. வடிவு பாளையங்கோட்டைக்காரி, சத்தமாகச் சிரிப்பாள். ஜாஸ்மின் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். முப்பிடாதி ஒல்லி, உயரம். யாராவது கேட்டால்தான் பேசுவாள். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

அம்மா என்னை விட வந்தாள். எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தாள். அம்மாவுக்கு யாரோடும் உடனே பழக வரும்.

“ஒனக்கு எந்த ஊரும்மா?” என்று முப்பிடாதியிடம் கேட்டாள்.

“கீழப்புளியூர்.”

“அங்க எங்க பெரியம்மை மகள கட்டிக் குடுத்திருக்கு. நீ எந்தத் தெரு?”

“பள்ளிக்கூடத்துக்குப் பொறத்தால.”

“பள்ளிக்கூடத்துக்குப் பொறத்தாலயா? ஓ.”

பிறகு அம்மா வடிவிடம் நகச்சாயம் வாங்கி, என் தம்ளரிலும் தட்டிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். மாறிப்போகாமல் இருக்கவாம். அம்மா எதிலும் கவனமானவள்.

ஆகஸ்ட் 1, திங்கள்

கூடத்துச் சுவரில் அட்டையால் செய்த வேலைச் சக்கரம் மாட்டியிருக்கிறது. வெளிவட்டத்தில் சமையல், பரிமாறல், கடைகண்ணி, துப்புரவு. உள்வட்டத்தில் எங்கள் நான்கு பெயர்கள். ஞாயிறு தவிர தினமும் காலையில் மேடம் வந்து உள்வட்டத்தை ஒரு பங்கு திருப்புவார். யாருக்கு எது வருகிறதோ அன்றைக்கு அதுதான் வேலை. குடும்பத்தில் எந்த வேலையும் ஒருவருக்கே பிறந்தது இல்லை என்று நாங்கள் உணர்வதற்காக என்று மேடம் சொன்னார். எனக்கு இந்தச் சக்கரம் மிகவும் பிடித்துவிட்டது.

இன்று என் சமையல். சாம்பாரில் உப்பே இல்லை. ஜாஸ்மின் மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். முப்பிடாதி துப்புரவு.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

செமினாரில் ‘குடும்பம் என்றால் என்ன’. வடிவு ‘ரத்த உறவு’ என்றாள். நான் அன்பு, பகிர்தல், பாதுகாப்பு என்று நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். மேடம் தலையாட்டி, அதைக் கரும்பலகையில் எழுதினார்.

முப்பிடாதி, “யாருக்கு யாரு சோறு போட்டா கேள்வி கேக்காமத் திங்காவளோ, அதுதான் குடும்பம் மேடம்” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மேடம் அதைக் கரும்பலகையில் எழுதவில்லை.

ஆகஸ்ட் 4, வியாழன்

இன்று முப்பிடாதிக்குச் சமையல் வந்திருக்க வேண்டும். நேற்று இரவே கீரையை ஆய்ந்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். காலையில் மேடம் வந்து சக்கரத்தை ஒரு பங்கு திருப்பினார். அவருடைய கை மறுபடியும் அட்டைக்குப் போய் இன்னொரு பங்கு திருப்பியது.

“முப்பிடாதிக்கு இருமல் மாதிரி இருக்கு. அடுப்புப் பக்கம் வேண்டாம். மங்கை, நீ சமைச்சிடும்மா.”

முப்பிடாதிக்கு மறுபடியும் துப்புரவு. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

அவள் ஆய்ந்து வைத்த கீரையில் நான் மசியல் செய்தேன். மேடம் என் சமையலைப் பாராட்டினார். பத்துக்கு ஒன்பது. மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 5, வெள்ளி

முப்பிடாதி நேற்றும் இருமவில்லை. இன்றும் இருமவில்லை.

ஆகஸ்ட் 8, திங்கள்

இன்றைக்கு மறுபடியும் அவள் முறை. மேடம் வந்ததும் வடிவு, “மேடம், எங்க வீட்டுல இருந்து புடலங்கா வந்திருக்கு. எங்கம்மா சொல்லிக் குடுத்த மாதிரி நான் கூட்டு வைக்கட்டா?” என்றாள். “தாராளமா. மங்கை பரிமாறட்டும்” என்று மேடம் சக்கரத்தை இன்னொரு பங்கு திருப்பினார். முப்பிடாதிக்குக் குளியலறையும் கக்கூசும்.

மேடத்தின் பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடியில் வைத்துக் கேட்டேன்.

“மேடம், முப்பிடாதிக்கு ரெண்டு தடவையும் சமையல் தவறிப்போச்சு.”

“கவனிச்சியா? நல்ல விஷயம். உன் கவனிப்பு கூடியிருக்கு.”

“ஏன் மேடம் தவறுது?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மங்கை, போன வருஷம் ஒரு பிள்ளையோட அப்பா பிரின்சிபால் ரூம் வரைக்கும் வந்து சத்தம் போட்டார். ‘எம் பொண்ணுக்கு யார் கையால சோறு போடுறீங்க’ன்னு. இந்தத் தடவை ரெண்டு வீட்டுல இருந்து முன்கூட்டியே சொல்லிவிட்டாங்க. எல்லாரையும் அனுசரிச்சுத்தான் போகணும். முப்பிடாதி புத்திசாலி, புரிஞ்சுக்குவா.”

“எந்த ரெண்டு வீடு மேடம்?”

 மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கண்டதை எழுதிவிட்டேன். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் முப்பிடாதி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பினாயில் நாற்றம். “நான் மேடத்துகிட்டக் கேட்டேன்” என்றேன்.

“கேட்டு?”

“இது அநியாயம் முப்பிடாதி.”

“அப்படியா? நீ சொல்லித்தான் தெரியுது.” கையைப் பாவாடையில் துடைத்தாள். “ஏட்டி மங்கை, ஒன் தம்ளர்ல அந்தச் செவப்புப் பொட்டு எதுக்குன்னு நெசமாவே ஒனக்குத் தெரியாதா?”

“மாறிடாம இருக்கத்தான் எங்கம்மா…”

“ஆமா. யாரோடதுக்கு மாறிடாம?”

நான் உள்ளே போய்க் கத்தியால் பொட்டைச் சுரண்டினேன். எவர்சில்வரில் கீறல் விழுந்துவிட்டது. வெளியே கொண்டுவந்து காட்டினேன். நான் அழுதுகொண்டிருந்தேன்.

“அழுவாத. நான் அழல, நீ எதுக்கு அழுவுத?” என்றாள். தம்ளரை வாங்கித் தண்ணீர் பிடித்துக் கடகடவென்று குடித்தாள். பாதி இருக்கும்போது என்னிடம் நீட்டினாள். குடித்தேன். அவள் வாய் வைத்துக் குடித்திருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் வாய் வைத்துக் குடிப்பதில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

செமினாரில் மதிப்பெண் விவரம் படித்தார்கள். ஆளுக்கு ஒரு வேளையாவது தனியாகச் சமைத்து மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி வீட்டுப் பயிற்சியில் தேர்ச்சி இல்லை. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடியும் செய்ய வேண்டும்.

முப்பிடாதி எழுந்து நின்றாள். “மேடம், எனக்கு எந்தக் கிழமை?”

வட்டமாக உட்கார்ந்திருந்த எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தோம்.

“பார்க்கலாம் முப்பிடாதி.”

“நாள் இல்லையே மேடம். சனிக்கிழமை விருந்தோட முடியுது.”

“பார்க்கலாம்னு சொன்னேன்ல. உக்காரு.”

எனக்குக் காது சுட்டது. அன்பு, பகிர்தல், பாதுகாப்பு என்று நான் சொன்னபோது தலையாட்டிய அதே தலை.

ஆகஸ்ட் 10, புதன்

சனிக்கிழமைக்கு மேடம் இன்றே சக்கரத்தைத் திருப்பி, நகராதபடி குண்டூசி குத்திவிட்டுப் போய்விட்டார். சமையல் நான். பரிமாறல் வடிவு. கடைகண்ணி ஜாஸ்மின். துப்புரவு முப்பிடாதி. “மங்கை வீட்டுச் சொதி கேள்விப்பட்டிருக்கேன். அதையே வச்சிடு” என்று ஜாஸ்மினிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

சொதி எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் மறுநாள் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் காய்களும் பாசிப்பருப்பும் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து இறக்குவது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கை கொஞ்சம் தவறினாலும் பால் திரிந்துவிடும்.

நான் மேடத்திடம் போய் முடியாது என்று சொல்லப் போகிறேன் என்றேன்.

“சொன்னா, வடிவைப் போடுவாவ” என்றாள் முப்பிடாதி. “நீ முடியும்னு சொல்லு. அடுப்புல நான் நிக்கேன்.”

“தெரிஞ்சா?”

“தெரியத்தான் போவுது. எல்லாரும் தின்னு முடிச்சு மார்க் போட்ட பொறவு நானே எந்திரிச்சுச் சொல்லுவேன். நீ வாயத் தொறக்காத. மேடம் ஒன்னய நெசமான்னு கேப்பாவ. அப்ப மட்டும் ஆமான்னு சொல்லு. அது போதும்.”

“ஒங்கம்மா வருவாங்கல்லா?”

“வரச் சொல்லல. அவ முன்னால நான் வெளக்கமாத்தோட நிக்கவா?”

ஆகஸ்ட் 12, வெள்ளி

நேற்றும் இன்றும் முப்பிடாதிக்குச் சொதி செய்முறை சொன்னேன். முதல் பாலைக் கொதிக்க விடக் கூடாது என்று நான் பலமுறை சொன்னதும், “ஒங்க வீட்டு மாட்டுப் பாலாட்டி அது? தேங்காதான, எங்க ஊர்லயும் காய்க்கும்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 13, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஜாஸ்மின் காய்கறி கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்பின் முன் முப்பிடாதி நிற்பதைப் பார்த்தாள். ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தாள். “யாரு வச்சா என்ன, மதியத்துக்குள்ள வச்சாச் சரி” என்று போய்விட்டாள். வடிவு வந்தபோதெல்லாம் நான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். முப்பிடாதி தரையைத் துடைத்தாள். வடிவு போனதும் மறுபடியும் கைமாற்றிக்கொண்டோம். பாசிப்பருப்பை நான் அப்படியே போடச் சொன்னேன். அவள் வாசம் வரும்வரை வறுத்துப் போட்டாள். “அப்படிச் செய்யக் கூடாது” என்றேன். “பேசாம இரி” என்றாள். இஞ்சியை அரைக்காமல் தட்டிச் சாறு பிழிந்தாள். பால் திரியவில்லை. வாசனை வேப்பமரம் வரை போயிற்று என்று ஜாஸ்மின் சொன்னாள்.

என் அம்மா, வடிவின் அம்மா, ஜாஸ்மினின் அப்பா அம்மா, ஞானசௌந்தரி மேடம். ஐந்து இலை. அம்மா அரக்குப் பட்டு கட்டி வந்திருந்தாள். வடிவு பரிமாறினாள்.

அம்மா முதல் கவளம் வாயில் வைத்ததும் கண்ணை மூடினாள். எங்கள் வீட்டில் அம்மா அடுத்தவர் சமையலுக்குக் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

“ஏ மங்கை! பருப்ப வறுத்தியாட்டி? எங்க அம்மை வைப்பா இப்படி. நான்தான் சோம்பப்பட்டு விட்டுட்டேன்.” வடிவின் அம்மாவிடம் திரும்பினாள். “பாத்தியளா, சொல்லிக் குடுக்காமலே வந்திருக்கு. கை அப்படி.”

“ரத்தத்துல வரும்லா” என்றாள் வடிவின் அம்மா.

அம்மா மூன்று முறை சொதி வாங்கினாள். மேடம் நீட்டிய அட்டையில் விருந்தாளிகள் எல்லோரும் பத்துக்குப் பத்து போட்டார்கள்.

அப்போது முப்பிடாதி சமையலறைக் கதவருகில் வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது.

“சமைச்சது நான்தான். எம் பேரு முப்பிடாதி. அந்த மார்க்க எம் பேருக்குப் போடுங்க.”

 வடிவின் அம்மாதான் முதலில் சிரித்தாள். “இந்தப் பிள்ள என்ன வெளையாடுது?”

“வெளையாடல. பருப்ப வறுத்தது நான். மங்கை வறுக்கக் கூடாதுன்னா.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “மங்கை, இது உண்மையா?”

அம்மாவும் என்னைப் பார்த்தாள். அம்மாவின் வலது கை இலைமேலேயே இருந்தது. விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. இல்லை என்று சொல்லு என்று அந்த முகம் கெஞ்சியது. சின்ன வயதில் அப்பாவிடம் எதையாவது மறைக்க வேண்டுமானால் அம்மா என்னை அப்படித்தான் பார்ப்பாள். நானும் அம்மாவுக்காக இல்லை என்றுதான் சொல்வேன்.

நான் உடனே ஆமாம் என்றேன்.

உடனே என்று எழுதியது பொய். நான் உடனே சொல்லவில்லை. தரையைப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தேன். மேடம் இரண்டாவது முறையும் “மங்கை?” என்றார். முப்பிடாதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பிடித்திருந்த கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. ஜாஸ்மின் என் முதுகில் இடித்தாள். அதற்குப் பிறகுதான் ஆமாம் என்றேன். அதுவும் பாதிக்குரலில்.

அம்மா எழுந்தாள். இலையை மூடவில்லை. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். பட்டுச் சேலையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. முப்பிடாதிக்கும் கேட்டது.

என் அம்மா. யாரோடும் உடனே பழகுகிற என் அம்மா. முன்கூட்டியே சொல்லிவிட்ட இரண்டு வீட்டில் ஒன்று எங்கள் வீடு. எனக்கு எட்டாம் தேதியே தெரியும். இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

அம்மா என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வடிவின் அம்மாவோடு போய்விட்டாள். போகும்போது வடிவிடம் சொல்லி அனுப்பியது: “இனிமே வீட்டுக்கு வந்தா, பொறவாசல் வழியா வந்து தலை முழுகிட்டு உள்ள வரச் சொல்லு.”

ஜாஸ்மினின் அப்பா மட்டும் இலையில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். “நல்லா இருந்துச்சும்மா” என்று முப்பிடாதியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

நாளைக்கு விடுமுறை. நாளை மறுநாள் மாதிரி வீட்டைக் காலி செய்ய வேண்டும். வடிவு நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். ஜாஸ்மின் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள்.

சாயங்காலம் மேடம் வந்தார். உட்காரவில்லை.

“சக்கரத்துல யார் பேர் இருந்துச்சோ அவங்களுக்குத்தான் விருந்தாளிங்க போட்ட மார்க் போகும். அதை மாத்த முடியாது.”

“அத எனக்குப் போடாதீங்க மேடம்” என்றேன். “நான் சமைக்கல. உங்க சக்கரம் பொய் சொல்லுது. ரெண்டு வாரமா அதப் பொய் சொல்ல வச்சது நீங்க.”

ஒரு ஆசிரியையிடம் இப்படிப் பேசுவேன் என்று நான் நினைத்ததில்லை.  ஆனாலும் நிறுத்தவில்லை. “கண்டத எழுதுன்னு சொன்னீங்க. நீங்க கண்டத எங்க எழுதுனீங்க மேடம்?”

மேடத்தின் முகம் சிவந்தது. அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். சக்கரத்தைப் பார்த்தார். பிறகு முப்பிடாதியிடம், “நானும் சாப்பிட்டேன். என் மதிப்பெண்ணை நான் போடலாம். பத்துக்கு எட்டு. நீ தேர்ச்சி” என்றார்.

“ரெண்டு எதுக்கு மேடம் கொறஞ்சுது?”

“உப்பு.”

“உப்பு சரியா இருந்துச்சு மேடம். நீங்களும் ரெண்டாந்தடவை வாங்குனிய.”

மேடம் போய்விட்டார். எட்டு எட்டாகவே இருக்கிறது.

முப்பிடாதி தேர்ச்சி பெற்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தைதான கேட்டேன் ஒங்கிட்ட? நீ யோசிச்ச நேரத்துல நாலு அப்பளம் பொரிச்சிருக்கலாம்ட்டி.”

“சொன்னேன்ல…”

“சொன்ன. ஜாஸ்மின் இடிச்ச பொறவு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

 இனிமேல் நான் வீட்டுக்கே போகப் போவதில்லை, தீபாவளிக்கும் போக மாட்டேன், ஹாஸ்டலிலேயே இருந்துவிடுவேன் என்றேன். அது அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

“யாருக்காக? எனக்காகவா?” என்றாள். இப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “நீ இங்க மொறச்சுக்கிட்டு உக்காந்திருந்தா ஒங்கம்மைக்கு என்ன உறைக்கும்? ‘எம் பிள்ளைய அவ கெடுத்துட்டா’ன்னு எம் பேரத்தான் சொல்லுவாவ. போ. போய் முன்வாசல் வழியா உள்ள போ. கொப்பளிச்சது அவுக. கேக்க வேண்டிய பிள்ள நீ. கேளு.”

“நீயும் வா.”

“நான் எதுக்குட்டி? ஒங்கம்மை, ஒன் வீடு. நான் வைக்க வேண்டிய சொதிய வச்சாச்சு.”

காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். பயமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. முன்வாசலில் நிற்பேன். அம்மா தலை முழுகச் சொல்வாள், நான் மாட்டேன் என்பேன். அப்பா வருவார். அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இங்கே எழுதிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்தத் தடவை யாரும் முதுகில் இடிக்க வேண்டியிராதபடி.

‘அம்மா, நீ மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாய். நான்காவது முறையும் வாங்கியிருப்பாய். உன் வாய்க்குத் தெரிந்தது…’

“என்னட்டி இன்னும் எழுதுத?” என்கிறாள் முப்பிடாதி, பாயில் படுத்துக்கொண்டே.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன் என்றேன்.

“அத அங்க போய்ச் சொல்லு” என்றாள். எழுந்து விளக்கை அணைக்கப் போகிறாள்.